பக்கத்து சிஸ்டம் விடாத டிஸ்க்

செவ்வாய், இரவு.

வங்கியின் பெரிய கணினியான மெயின்ஃப்ரேமை நிறுத்தாமலே பழைய டிஸ்க்குகளை நீக்கும் வேலை இன்று. எங்கள் பக்கம் எல்லா டிஸ்க்கையும் துண்டித்து ஆஃப்லைன் ஆக்கியாயிற்று. ஆனால் ஒன்றைப் பக்கத்து சிஸ்டம் இன்னும் பயன்படுத்துவது சோதனை ஓட்டத்தில் தெரிந்தது.

“ஃபோர்ஸ் போட்டு வலுக்கட்டாயமா கழட்டி முடிச்சிடு லா,” என்றார் மேலாளர் குமரன் அண்ணன். “பயமா இருந்தா லூனாஸ் வீட்டுல பிள்ளைய பாத்துக்கிட்டு இருக்கலாமே.”

“பிள்ளையையும் பாக்கிறேன், டிஸ்க்கையும் பாக்கிறேன் அண்ணே. அந்த சிஸ்டம்காரங்க விடாம நான் எடுக்க மாட்டேன். வேணும்னா நீங்களே என்டர் தட்டுங்க.”

அவர் தட்டவில்லை. “உன் கான்ட்ரெக்ட் ரினியூ பண்றப்ப பேசிக்கலாம்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பயமாகத்தான் இருக்கிறது. பாப்பா இப்போதுதான் நர்சரியில் அழாமல் இருக்கப் பழகியிருக்கிறாள். ஆனாலும் அந்த டிஸ்க்கில் யார் யாருடைய சம்பளம் கிடக்கிறதோ. நாளைக்குக் கேட்டாலும் இதே பதில்தான். கான்ட்ரெக்ட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும்.