கசியும் தடுப்பு

வெள்ளிக்கிழமை, ஐப்பசி. வெள்ளவத்தை.

கொட்டாஞ்சேனையில் உரையாற்றிவிட்டு மனைவியுடன் திரும்புகையில், காலி வீதியின் பாதசாரிக் கடவையருகே நான் அழுத்திய தடுப்பு மிதி தரைவரை இறங்கிற்று. மகிழுந்து நிற்கவில்லை. கைத்தடுப்பை இழுத்தேன். பால்மாப் பையோடு கடந்துகொண்டிருந்த பெண்ணுக்கு ஒரு முழம் முன்னே நின்றது. அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

தெமட்டகொடையில் வண்டி திருத்தும் நிசாம் சென்ற வாரமே எச்சரித்தார்: "சேர், பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கசியுது. ஒயில ஊத்தி ஊத்தி ஓடாதீங்க. ஒருநாளைக்கு பெடல் அப்பிடியே கீழ போயிரும்."

கூட்டங்கள் முடியட்டும் என்றேன். காலைதோறும் மனைவி அறியாமல் எண்ணெய் நிரப்பி ஓட்டினேன்.

இன்று வண்டி நின்றதும் அவளோ அருகிருந்து சிரித்தாள். "என்னப்பா, இன்னும் மேடையிலயே நிக்கிறியள்? ரோட்டைப் பாருங்கோ. நாளைக்கு அம்மாவை வத்தளைக்கு நானே ஏத்திக்கொண்டு போறன்."

"ஓம்" என்றேன். ஆயிரவர் முன் முழங்கிய நாவுக்கு அவ்வொரு சொல்லே வந்தது. மிதியை மீண்டும் மீண்டும் அழுத்தியபடி வீடுவரை ஊர்ந்தேன்.

இப்போது அவள் உறங்குகிறாள். சாவியை ஒளித்தால் மாற்றுச்சாவியை எடுப்பாள். உண்மையைச் சொன்னால், இத்தனை நாளும் தன்னை எதில் ஏற்றிச் சென்றேன் என்று கேட்பாள்.

கேட்கட்டும். எழுப்பப் போகிறேன்.