கோலில் யாரை நிறுத்துவது?

சனிக்கிழமை, இரவு.

நாளை வாணியம்பாடிக்காரர்களோடு ஃபைனல். எங்கள் ஷூ கம்பெனி டீமின் கோச் யூசுஃப் பாய் இன்று எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மேட்சுக்கு மேட்ச் வெளியே நின்னு கத்துறியே, நாளைக்கு டீமை நீயே போடு. இன்னா, பேஜாரா?"

வீம்புக்கு, "போடுறேன் பாய்" என்று சொல்லித் தொலைத்தேன்.

பத்துப் பேரைச் சுலபமாகப் போட்டுவிட்டேன். கோல்கீப்பரில் வந்து நிற்கிறது. உயரப் பந்து வந்தால் பாபு கண்ணை மூடிக்கொள்கிறான். அவனை டீமிலிருந்து தூக்கச் சொல்லித்தான் இத்தனை நாளும் கத்தினேன். அவன் என் மனைவியின் தம்பி. நான் கத்துவதைப் பற்றி அக்காவிடம் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போதுதான் அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"தம்பி ஜெர்சிய துவைச்சுப் போட்டிருக்கேன். காலைக்குள்ள காஞ்சிடும்ல?"

"காஞ்சிடும்" என்றேன்.

விடிவதற்குள் மழை கொட்டி கிரவுண்டே மூழ்கினால் தேவலை.