மரைக்காயர் படகில் நான் அடித்த இரும்பு

அன்பு மாப்பிள்ளை முத்தையா,

நீ போய்ச் சேர்ந்து பதினொரு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உன்னை நினைத்து அழுதேன். இன்றைக்குத்தான் உன்மேல் கோபம் வருகிறது. எதிரே இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். நீ இல்லாததால் எழுதுகிறேன். ஊரில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், என் தப்பைத்தானே எழுதப்போகிறேன்.

கோட்டைப்பட்டினத்து மரைக்காயரின் மோட்டார் படகில் நீ ஒரு மரக்கூடு கட்டிக் கொடுத்தாயே, அதை அந்த டிரைவர் ‘கேபின், கேபின்’ என்று பெருமையடித்துக்கொண்டு திரிவானே, அதன் கூரைப் பலகை ஒன்று போன மாதம் கழன்று அவன் தோளிலேயே விழுந்துவிட்டது. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் கறம்பக்குடிச் சந்தை வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. மாட்டுவண்டி செய்கிற ஆசாரிக்குக் கடல் வேலை எதற்கு என்று சிரித்திருக்கிறார்கள்.

என் தங்கச்சி, உன் பெண்சாதி பாக்கியம் அதைத் தன் காதாலேயே கேட்டிருக்கிறாள். வாங்கிய காய்கறிக் கூடையோடு நேரே என் கொல்லுப்பட்டறைக்கு வந்து நின்றாள்.

“ஏண்ணே, அவரு செஞ்ச வேல ரெண்டு வருசத்துல விழுமா? நீ போயிப் பாத்துட்டு வா. அவரு தப்புன்னா நான் வாயை மூடிக்கிறேன். இல்லேன்னா சந்தையில நின்னு நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்.”

“நான் பாத்துக்கிறேன் ஆத்தா, நீ வீட்டுக்குப் போ” என்றேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சாமான் பையோடு கிளம்பிவிட்டேன்.

மரைக்காயர் தங்கமான மனுஷர். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். “மவுத்தானவரைப் பத்திக் கொறையாப் பேசக்கூடாது ஆசாரி. ஆனா ஆளு மேல விழுந்தாச்சு. கூட்டைப் பிரிச்சு எறிஞ்சுரலாம்னு இருக்கேன்” என்றார். பிரித்துக் கரையில் போட்டால் போகிறவன் வருகிறவன் எல்லாம் உன் பெயரைச் சொல்லித்தானே துப்புவான்? “மூணு நாள் கொடுங்க. சரிபண்ண முடியலேன்னா நீங்க பிரிக்க வேணாம், நானே பிரிச்சுப் போட்டுட்டுப் போறேன்” என்றேன்.

அந்தக் கூட்டுக்குள் நீ எப்படித்தான் வேலை செய்தாயோ! நிமிர்ந்தால் தலை இடிக்கிறது, குனிந்தால் எஞ்சின் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். நான் அடித்துக் கொடுத்த போல்ட்டுகளின் தலையெல்லாம் பெயிண்டுக்கு அடியில் குண்டுகுண்டாக நன்றாகவே இருந்தன. அப்பாடா, இரும்பில் குற்றமில்லை என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், பாவி. ஒன்றைப் பிடித்துத் திருகினேன். தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த தண்டு ஊசி கனத்துக்குக் கரைந்து செந்தூளாகக் கொட்டியது. எட்டு போல்ட்டைக் கழற்றினேன், எட்டும் அப்படியே. உன் இலுப்பைப் பலகையில் உளியை வைத்துக் குத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

“என்ன ஆசாரி, மரம் உளுத்துப்போச்சா?” என்று வெளியிலிருந்து டிரைவர் கேட்டான்.

“பாக்கணும்” என்றேன். அன்று பகல் முழுக்க என் தப்பை உன் தலையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். அதை நீ மன்னித்தாலும் என்னால் முடியவில்லை.

ஞாபகம் இருக்கிறதா? “உப்புக்காத்து இரும்பைத் தின்னுருமாம், பித்தளையில போடச் சொல்றாரு மரைக்காயர்” என்று நீ வந்து சொன்னாய். நான் எகிறினேன். “பித்தளை குத்துவிளக்குக்கு ஆகும் மாப்ளே! பழுக்கக் காய்ச்சி வெளக்கெண்ணெயில முக்குன எம் போல்ட்டு இருவது வருசமா கல்லு ரோட்டுல ஓடுது. நம்பிக்கை இல்லேன்னா வேற கொல்லனைப் பாரு” என்றேன். வண்டிச் சக்கரத்தைத் தவிர வேறெதையும் பார்க்காதவனின் திமிர் அது. நீ சிரித்துவிட்டு நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனாய்.

படகைப் பார்த்த மறுநாளே புதுக்கோட்டைக்கு ஓடினேன். பித்தளை வேலை செய்யும் கன்னார் ஒருவரைப் பிடித்துப் பித்தளைத் தண்டு வார்க்கச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து நானே திருகுமரை வெட்டினேன். திரும்பி வந்து பழைய இரும்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். துரு தின்று அகன்றுபோன துளைகளில் குங்கிலியம் தோய்த்த மரமுளையை இறுக்கி அடைத்து, காய்ந்ததும் புதுத் துளை போட்டேன். கண்ணெல்லாம் துரு. கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. பிரித்துப் போடவிடுவேனா என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன்.

கடைசியாக டிரைவர் படுக்கிற பலகைக்கு மேலே வந்தேன். அங்கேயும் நான்கு போல்ட்டு. தலையில் பெயிண்டைச் சுரண்டினால் மஞ்சளாக மின்னியது. பித்தளை! நான்கும் அசையவில்லை. ஒரு மனுஷன் தலைவைத்துத் தூங்குகிற இடத்துக்கு மட்டும் நீ என் இரும்பை நம்பவில்லை.

அப்படியே கிடந்து அழுதேன், மாப்பிள்ளை. ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

வெளியே வந்ததும் மரைக்காயரையும் டிரைவரையும் கூப்பிட்டேன். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களும் வந்து நின்றார்கள். கை நிறைய அந்தத் துருப்பிடித்த தலைகளை அள்ளிக் காட்டினேன்.

“தச்சுல ஒரு கொறையும் இல்லீங்க. இந்த இரும்பு நான் அடிச்சது. பித்தளை வேணாம்னு அடம்பிடிச்சவனும் நான்தான். அவன் பேரை இனிமே யாரும் இழுக்காதீங்க” என்றேன்.

டிரைவர் உள்ளே போய்த் தன் படுக்கைக்கு மேலே இருக்கும் பலகையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். திரும்பி வந்தவன் என் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் கூடவே வந்தான். கூடு இருக்கட்டும் என்று மரைக்காயர் சொல்லிவிட்டார்.

ஊருக்கு வந்து பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

“அந்த நாலையும் என் பித்தளைத் தாம்பாளத்தைக் குடுத்துத்தாண்ணே வார்த்தாரு. ‘பேசுன கூலியில முழுசுக்கும் போட ஏது பித்தளை? தூங்குற எடத்துக்காவது போடுறேன். ஒங்கண்ணன்கிட்டச் சொல்லிறாத, கோவத்துல பேசாமப் போயிருவான். அவன் பேசாம இருந்தா எனக்குச் சோறு எறங்காது’ன்னாரு.”

இனி வருஷத்துக்கு ஒருமுறை கோட்டைப்பட்டினம் போய் உன் கூட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பேன். அது சத்தியம். இன்னொரு சத்தியமும் செய்கிறேன். என் வேலையில் குறை சொல்ல யார் வந்தாலும் உட்காரவைத்து, கடைசி வார்த்தைவரை கேட்பேன். நீ சொல்லப் பயப்படுகிற மாதிரியா மாப்பிள்ளை நான் இருந்தேன்?

உன்னோடு ஒரு நாளும் பேசாமல் இருந்திருக்க முடியாத
உன் மச்சான்,
சொக்கலிங்கம்