ஞானராணி மிஸ் இடமாற்றம் போகவில்லை

மருதமுனை,
வியாழக்கிழமை.

அன்பு மகன் றிஸ்வானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகளும் பிள்ளைகளும் அந்தக் கத்தார் வெயிலில் நோய்நொடி இல்லாமல் இருக்க அல்லாஹ் போதுமானவன். இங்கே எல்லோரும் சுகம், என் மனத்தைத் தவிர. போனில் கதைத்தால் நீ பகிடி விட்டு என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் பக்கத்து வீட்டு ஹாதிக்கிடம் கொடுத்துவிடுகிறேன்.

என் எலும்பு தேய்ந்து பொள்ளலாகிவிட்டது என்று டொக்டர் சொன்னதும், உடற்பயிற்சி பழக்கும் ஞானராணி மிஸ்ஸிடம் நான் போனதும் உனக்குத் தெரியும். கதிரையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, கை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழும்புவது. முதல் நாள் கால் கிடுகிடு என்று நடுங்கியது, மற்ற உம்மாமார் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மூன்று வருசமாகக் கதிரையில் இருந்து தொழுகிறவள் நான். தரையில் நெற்றி வைத்து ஸுஜூது செய்துவிட்டு ஒருவர் கையும் பிடிக்காமல் எழும்ப வேண்டும், அந்த ஒன்றுக்காகத்தான் போனேன். நோன்புக்கு முன் செய்துவிடலாம் என்று மிஸ்ஸும் சொல்லியிருந்தார்.

பிறகு ஒரு நாள் என் மூத்தவள், உன் ராத்தா றுக்ஸானா வந்து, மிஸ் இடமாற்றமாகிப் போகிறாராம், வகுப்பு இனி இல்லையாம் என்றாள். இந்த வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு அவளை நம்பித்தானே இருக்கிறேன், இதை நம்பாமல் இருப்பேனா? மிஸ்ஸை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று தேங்காய்ப் பால் பிழிந்து வட்டிலப்பம் அவித்து றுக்ஸானாவிடம் கொடுத்துவிட்டேன். அவளும் வாங்கிக்கொண்டு போனாள்.

போன திங்கட்கிழமை மருந்துக் கடையில் மிஸ் நிற்கிறார். என்னைக் கண்டு திகைத்துப்போய், "உம்மா, நீங்க எழும்ப ஏலாமப் பாயில கெடக்கிறீங்க என்டுதானே மகள் சொன்னா" என்றார். வட்டிலப்பத்தின் வாசம்கூட அவருக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன், றுக்ஸானா அழுதுவிட்டாள். நான் வீட்டில் ஒற்றைக் காலில் நின்று தள்ளாடியதைப் பார்த்துப் பயந்து உனக்குச் சொன்னாளாம், இந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தது நீதானாம். வட்டிலப்பத்தை அவளுடைய மாமி வீட்டில் வைத்துத் தின்றார்களாம்.

பதினொரு வாரம் வகுப்பில்லாமல் போய்விட்டது, மகன். நான் விழுந்து இடுப்பு முறிந்தால் ஓடி வர லீவு கிடைக்காதே என்று நீ பயந்திருப்பாய், அது எனக்கு விளங்காமல் இல்லை. விழாமல் இருக்கத்தானே அந்தப் பயிற்சி? பயமாக இருக்கிறது என்று என்னிடமே சொல்லியிருக்கலாம், நான் ஏசியிருப்பேன், அவ்வளவுதான். பிறத்தியார் செய்திருந்தால் தாங்குவேன். நான் பெற்ற இரண்டும் கூட்டுச் சேர்ந்து என்னை ஏமாற்றியதைத்தான் தாங்க முடியவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து கால் மறுபடி முதல் நாளைப் போல நடுங்குகிறது.

நேற்றிலிருந்து வகுப்புக்குப் போகிறேன், ஆட்டோவும் நானே பேசிவிட்டேன். நோன்புக்கு முன் ஸுஜூது ஏலாது என்று மிஸ் ஒளிக்காமல் சொல்லிவிட்டார், ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பார்ப்போம்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பறக்கத்தும் தரட்டும். சுபஹுத் தொழுகையைத் தவற விடாதே, ஈரத் தலையோடு ஏசிக்குள் படுக்காதே. ராத்தாவுக்குப் போன் எடுத்து ஏசாதே, அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்காகக் கேட்கும் துஆவில் ஒரு குறையும் வைக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதி முடிக்கத்தான் நினைத்தேன், ஆனால் எனக்குப் பொய் எழுத வராது.

உன்னைப் பெற்ற உம்மா,
றஹ்மத்தும்மா