அணைக்காத கற்பூரம்

கரவனெல்ல,
12.02.1997

அன்புள்ள மச்சான் கஜாவுக்கு,

இருளப்பன் எழுதுவது. இங்கு நாங்கள் சுகம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாயிருக்க மாரியம்மாளை வேண்டிக்கொள்கிறேன். தைப்பொங்கலுக்கு வருவாய் என்று பார்த்தோம். கஹவத்தையில் கடை வைத்த பிறகு உனக்கு எங்கள் தோட்டத்துப் பாதை மறந்துவிட்டது.

உன்னிடம் நவம்பரில் வாங்கிய வேன் நேற்று நின்றுவிட்டது. ஒரு பெரியவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகையில், மேட்டில் சூடு காட்டுகிற முள் சிவப்புக்கு ஏறி, வெள்ளைப் புகையாய் வந்தது. பஸ்ஸில் போனவர்கள் இறங்கித் தள்ளிவிட்டார்கள். ருவன்வெல்லவிலிருந்து மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தேன். வெளியில் இருந்தே பார்த்துவிட்டு, "எஞ்சின் ஹெட் போயிருக்கும். கெரண்டி இருக்கும்போது நான் கை வைக்க மாட்டேன், வித்தவரையே கூப்பிடு" என்றார். நீ ஆறு மாதத்துக்கு எழுதிக் கொடுத்ததில் இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. உன் கடை ஸப்ரி பாஸை சீக்கிரம் அனுப்பு. பேரை வெட்டிக்கொண்டு தோட்டத்து வேலையை விட்டு வந்தவன் நான். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற ஹயர் கையைவிட்டுப் போனால் திரும்பவும் ரப்பர் பால்வெட்டுக்குத்தான் போய் நிற்க வேண்டும்.

இன்னொரு சங்கதி, உனக்கு மட்டும். வீட்டில் இருளாயி முழுகாமல் இருக்கிறாள். இரண்டு மாதம். முன்பு இரண்டு தடவையும் ஊருக்கெல்லாம் சொல்லி, இரண்டும் தங்கவில்லை. அதனால் ஐந்து மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றிருக்கிறாள். அவள் அம்மாவுக்கே தெரியாது. என்னைக் கோழி அறுக்க விடுவதில்லை. சாமி விளக்கைக்கூட நான் கையால் அணைக்கக் கூடாதாம், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம். சிரிப்பாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அதுதான் உனக்கு எழுதினேன்.

உன் மச்சான்,
இருளப்பன்


கஹவத்தை,
20.02.1997

அன்புள்ள மச்சான் இருளப்பனுக்கு,

கடிதம் கிடைத்தது. இருளாயி விஷயம் படித்து நானும் வீட்டில் அவளும் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்று எழுத முடியாது. அவளைப் பாரம் தூக்க விடாதே. ரகசியம் எங்களோடு இருக்கும்.

வேன் விஷயம். திங்கட்கிழமை ஸப்ரி வந்து பார்த்தது உனக்குத் தெரியும். அவன் சொன்னதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் விற்கிற எல்லா வண்டியிலும் எஞ்சின் ஹெட்டைப் பிடித்திருக்கிற ஆணிகளின் மேல் மஞ்சள் பெயின்ட் பொட்டு இருக்கும். யாராவது ஆணியைத் திருகினால் பொட்டு உடையும். பொட்டு இருந்தால் கெரண்டி, இல்லாவிட்டால் கிடையாது. கெரண்டிக் கடதாசியிலேயே அது இருக்கிறது. உன் வண்டியில் பொட்டு இல்லை. ஆகவே எஞ்சினை யாரோ திறந்திருக்கிறார்கள். நீ என்று நான் சொல்லவில்லை.

இது கடைச் சட்டம், மச்சான். உனக்கு மட்டும் விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஊரில் உள்ள அத்தனை பேரும் வந்து வாசலில் நிற்பார்கள். சாமான்களை வாங்கின விலைக்கே தருகிறேன். கூலியை நீ பார்த்துக்கொள். யோசித்து எழுது.

உன்,
கஜா


கரவனெல்ல,
27.02.1997

மச்சான் கஜாவுக்கு,

நான் வண்டியை ஓட்டினேன், கழுவினேன், வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. யாரும் திறக்கவில்லை. வாங்கிய அன்றைக்குப் பொட்டு இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. உன் கடையில் வாங்கும்போது குனிந்து ஆணியையா பார்ப்பேன்?

நீ "யாரோ" என்று எழுதியிருக்கிறாய். இங்கே ஸப்ரி பாஸ் பேசியதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்கள், நான்தான் நல்ல சாமானைக் கழற்றி விற்றுவிட்டேன் என்று பேசுகிறார்கள். தோட்டத்துத் தலைவரிடம் போனேன். "அவரையும் கூப்பிடு, நாலு பேருக்கு முன்னால பேசித் தீர்ப்போம்" என்கிறார். வருகிற மாத முடிவுக்குள் வண்டி ஓடாவிட்டால் பிள்ளைகளை வேறு ஆளிடம் விடப்போவதாகப் பெற்றோர் சொல்லிவிட்டார்கள்.

நீ வா. எங்கே வேண்டுமானாலும் சொல்கிறேன், நான் திறக்கவில்லை.

இருளப்பன்


கஹவத்தை,
04.03.1997

மச்சான் இருளப்பனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை, 9ஆம் தேதி, காலையில் வருகிறேன். தலைவருக்கும் எழுதிவிட்டேன்.

பாஸ்மார் ஆளுக்கொன்று சொல்வார்கள். கடதாசியை நீ ஒரு மாதிரி வாசிப்பாய், நான் ஒரு மாதிரி வாசிப்பேன். பேசிப் பேசி நம் உறவுதான் கெடும். நம் ஆட்களுக்குத் தெரிந்த வழியிலேயே முடிப்போம். உங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், எல்லாருக்கும் முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி, "எஞ்சினை நானும் திறக்கவில்லை, திறக்கச் சொல்லவும் இல்லை" என்று சத்தியம் பண்ணி உன் கையால் அணைத்துவிடு. அணைத்த நிமிஷமே நான் ஒரு கேள்வி கேட்க மாட்டேன். வேறு எஞ்சின் என் செலவில் ஏற்றித் தருகிறேன்.

நீ எங்கே வேண்டுமானாலும் சொல்கிறேன் என்றுதானே எழுதியிருக்கிறாய்.

கஜேந்திரன்


கரவனெல்ல,
05.10.1997

கஜாவுக்கு,

ஏழு மாதமாக எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை. இருளாயிக்குப் போன மாதம் 14ஆம் தேதி பெண்குழந்தை பிறந்தது. ஷாமிளா என்று பேர் வைத்திருக்கிறோம். இரண்டு பேரும் சுகம்.

அன்றைக்கு நான் கற்பூரத்துக்கு முன்னால் நின்றதை நீ பார்த்தாய். எனக்குக் கை போகவில்லை. ஏன் போகவில்லை என்று அந்தக் கூட்டத்தில் இருளாயியைத் தவிர இரண்டு பேருக்குத்தான் தெரியும், எனக்கும் உனக்கும். நான் வாயைத் திறந்து காரணத்தைச் சொல்ல முடியாது. இருளாயி பெண்கள் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ சொல்வாய் என்று உன் முகத்தைப் பார்த்தேன். "வேறு நாளைக்கு வைப்போம்" என்று நீ சொன்னால் போதும். நீ கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது.

வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டேன். பால்வெட்டுக்குத் திரும்பவும் பேர் பதிந்திருக்கிறேன். இப்போது குழந்தை பிறந்த பிறகு காரணத்தைச் சொன்னால், "இவ்வளவு நாள் எங்க போச்சு இந்தக் கதை?" என்று சிரிக்கிறார்கள். கற்பூரம் என்று எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளையே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

எஞ்சின் வேண்டாம். தலைவருக்கு இரண்டு வரி எழுது. அந்தச் சங்கதி உனக்கு முன்பே தெரியும் என்று மட்டும் எழுது. அது போதும்.

இருளப்பன்


கஹவத்தை,
18.02.2007

அன்புள்ள இருளப்பனுக்கு,

உன் கடைசிக் கடிதத்துக்கு ஒன்பது வருஷம் கழித்துப் பதில் எழுதுகிறேன். அது வந்த அன்றே படித்தேன். மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். மறந்துபோனேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

போன வாரம் ஒரு பொடியன் வேன் பார்க்க வந்தான். கிருஷாந்த் என்று பேர், உங்கள் பக்கத்துத் தோட்டம், பள்ளிக்கூட ஹயர் ஓடுகிறான். நான் வழக்கம்போல ஆறு மாத கெரண்டி என்றேன். அவன் சிரித்தான்.

"கெரண்டி எல்லாம் சும்மாண்ணே. எங்க பக்கம் ஒருத்தர் இருக்காரு, கற்பூரம்னு பேரு. எஞ்சின்ல உள்ளதக் கழட்டி வித்துட்டு, வித்தவர்கிட்டயே போயி கெரண்டி கேட்டாராம். கோயில்ல கற்பூரத்தக் கொளுத்துனா, ஆளு கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாராம்."

"ஏன் அணைக்கலையாம்?" என்று நானே கேட்டேன்.

"பொய்க்கு எப்படிண்ணே அணைப்பாரு? பொறகு பொஞ்சாதி முழுகாம இருந்தா, அதான்னு ஒரு கதை விட்டாரு. அவரு மக என் வேன்லதான் வருது. 'குட்டிக் கற்பூரம், ஏறு'ன்னா பேசாம ஏறி மூலையில உக்காரும். நல்ல புள்ள."

நானும் சிரித்தேன், இருளப்பன். சிரித்து, பேசி, அவனுக்கு வேனை விற்றும்விட்டேன். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஸப்ரி பாஸ் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அவன் மறுநாளும் வேலைக்கு வரவில்லை. ஆள் அனுப்பியதற்கு, "அந்தப் புள்ளைக்கும் பேர் வச்சிட்டாங்களே, முதலாளி" என்று மட்டும் சொல்லி அனுப்பினான்.

இனி உண்மையை எழுதுகிறேன். உன் வேனின் ஹெட்டைத் திறந்தது நாங்கள். கொழும்பிலிருந்து கொண்டுவரும்போதே அவிசாவளையில் சூடேறி நின்றது. ஸப்ரி அங்கேயே ஒரு கராஜில் திறந்து, கேஸ்கெட் மாற்றி மூடினான். ஹெட் வளைந்திருக்கிறது, கடைந்து எடுக்க வேண்டும் என்றான். இரண்டு நாள் ஆகும் என்று நான்தான் வேண்டாம் என்றேன். பொட்டு வைக்க மறந்துபோனோம். பொட்டு இல்லாததை நீ பணம் கட்டிய அன்றே நான் பார்த்தேன். நீ குனிந்து பார்க்க மாட்டாய் என்று தெரியும். அதனால் பேசாமல் சாவியைக் கொடுத்தேன்.

இதையும் எழுதாவிட்டால் மற்றதை எழுதிப் பிரயோசனமில்லை. கற்பூர யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? உன் கடிதத்திலிருந்துதான். விளக்கைக்கூட அணைக்கக் கூடாதாம் என்று எழுதியிருந்தாயே. நீ அணைக்க மாட்டாய், காரணமும் சொல்ல மாட்டாய் என்று கணக்குப் போட்டுத்தான் வந்தேன். வழியெல்லாம் எனக்கிருந்த பயம் ஒன்றுதான், ஒருவேளை நீ அணைத்துவிட்டால் என்ன செய்வது என்று.

ஒரு எஞ்சின் செலவுக்கும் ஓடாமல் போன வருஷங்களுக்கும் என்னால் ஆனதை பேங்க் டிராஃப்டாக இதோடு வைத்திருக்கிறேன். மறுக்காதே.

கஜா


கரவனெல்ல,
04.03.2007

கஜேந்திரனுக்கு,

டிராஃப்டைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை இருளாயிக்கு வாசித்துக் காட்டினேன். உன் பொய்யைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "நா யாருக்கும் சொல்லாதீங்கன்னு சொன்னத, நீங்கதான் எழுதிப் போட்டீங்களா?" என்று கேட்டாள். இத்தனை வருஷமாக அது அவளுக்குத் தெரியாது. உனக்கு அப்போதே தெரியும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். கெட்டிக்காரன், நீ எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாய் என்று நினைத்திருந்தாள். நானும் அப்படியே நினைக்க விட்டிருந்தேன். இப்போது என் வீட்டில் என் முகத்தை நிமிர்த்த முடியவில்லை. அது உன் குற்றமில்லை, என் குற்றம்.

நீ அன்றைக்குச் செய்தது நாலு பேருக்கு முன்னால். இப்போது எழுதியிருப்பது எனக்கு மட்டும். இதை நான் கொண்டுபோய் வாசித்தால், கற்பூரமே எழுதிக்கொண்டு வந்திருக்கிறான் என்பார்கள். கோயில் திருவிழா ஏப்ரல் 29ஆம் தேதி. வெளித் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வருவதானால் அன்றைக்கு வா. வராவிட்டால் இனி எழுத வேண்டாம்.

இருளப்பன்


கஹவத்தை,
03.05.2007

இருளப்பன் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை இரவு வீடு வந்து சேர்ந்தேன். நான்கு நாளாகக் கடையைத் திறக்கவில்லை. இதை எழுதிவிட்டுத் திறக்கலாம் என்றிருக்கிறேன்.

நான் வந்தது உனக்கு நல்லது செய்ய என்று நீ நினைத்துவிடக் கூடாது. பெல்மதுளையில் ஒருமுறையும் இரத்தினபுரியில் ஒருமுறையும் வண்டியைத் திருப்பப் பார்த்தேன். ஸப்ரி பக்கத்தில் இருந்தான். "திருப்பினா நான் இறங்கி பஸ்ல போய்ச் சொல்லுவேன், முதலாளி" என்றான். அதற்குப் பிறகுதான் வந்தேன்.

தலைவருக்கு வயதாகிவிட்டது. மைக்கைக் கையில் கொடுத்தார். நான் வழியெல்லாம் பாடம் பண்ணியதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். எஞ்சினைத் திறந்தது நாங்கள் என்பதையும், இருளாயி முழுகாமல் இருந்தது தெரிந்தேதான் கற்பூரம் கேட்டேன் என்பதையும். தலைவர் காதில் கையை வைத்துக்கொண்டு, "மைக்க வாய்கிட்டப் பிடிங்க தம்பி, பின்னால கேக்கலையாம்" என்றார். இரண்டாவது தடவையும் முதலிலிருந்து சொன்னேன். முதல் தடவை மனதில் இருந்ததைச் சொன்னதுபோல் இருந்தது. இரண்டாவது தடவை வார்த்தை வார்த்தையாக என் காதிலேயே விழுந்தது. "தெரிந்தே" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பின்னாலிருந்து ஒரு பெண்குரல், "சொல்லுங்க, தெரிஞ்சே?" என்றது. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. சொன்னேன்.

கிருஷாந்த் பொடியன் முன்வரிசையில் நின்றான். அவன் என்னைப் பார்க்கவில்லை, உன் மகளைப் பார்த்தான். அந்தப் பிள்ளை இருளாயியின் சேலையைப் பிடித்துக்கொண்டு, மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன்னைப் போலவே நெற்றி.

நீ என்னிடம் ஏதாவது கேட்பாய் என்று நின்றேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். நீ வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கி, "நேரமாச்சு, பூசையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அன்னதானத்துக்கு உட்காராமல் போய்விடலாம் என்று பார்த்தேன். தலைவர் கையைப் பிடித்து உட்கார்த்திவிட்டார். நீதான் சோறு வாளியோடு வந்தாய். எனக்குப் பக்கத்து இலையில் இருந்தவரிடம், "என்னண்ணே, அதுக்குள்ள போதும்ங்கிறீங்க" என்று சிரித்துப் பேசி, இன்னும் ஒரு கரண்டி வைத்தாய். பிறகு என் இலைக்கு வந்தாய். ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்து, வாடா போடா என்று பேசி வளர்ந்தவன் நீ. குனிந்து, நல்ல மரியாதையாக, முகத்தில் கோபம் ஒன்றும் இல்லாமல் கேட்டாய்:

"சோறு போடட்டுங்களா, ஐயா?"

நான் தலையை ஆட்டினேன். போட்டாய். அளவாக, சிந்தாமல் போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனாய்.

முழுவதையும் சாப்பிட்டு எழுந்தேன். பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
ச. கஜேந்திரன்