கணுக்காலில் கட்டிய இரும்பு

செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். முட்டி வலியைத் தவிர நான் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் எதைக் கேட்டாலும் "ம்" என்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

பன்னிரண்டாம் தேதி நீ சாட்சி சொல்ல வருகிறாயாமே. ஆஸ்பத்திரி வாசலில் துப்பாக்கியைக் கண்டுபிடிக்கிற கருவியில் கை வைத்ததாக உன் மாமா மேல் கிரிமினல் வழக்கு. என் கூடப் பிறந்த தம்பி. அந்த வாசலில் உனக்குக் காவல் வேலையை வாங்கிக் கொடுத்த மேலதிகாரியும் அவன்தான். நீ புகார் எழுதிக் கொடுத்த அன்று உன்னை நன்றி கெட்டவள் என்று திட்டினேன். மாற்றல் வாங்கிக்கொண்டு நீ ஊரை விட்டுப் போனபோது வாசல் வரைக்கும்கூட வரவில்லை.

போன வாரம் ஜாமீனில் வந்தவன் நேரே இங்கேதான் வந்தான். எல்லாவற்றையும் அவன் வாயாலேயே கேட்டேன். பெல்ட்டுக்கும் சாவிக்கும் கத்துகிறது, வரிசை நீளுகிறது, ஜனங்கள் திட்டுகிறார்கள் என்று கருவியின் உணர்திறனைக் குறைத்து வைத்தானாம். காலையில் கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க, சோதனைக்கான இரும்புத் துண்டை எல்லோரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அதன் வழியாக நடப்பார்களாம். மேலே இருந்தால் எப்படியும் கத்திவிடுமாம். நீ மட்டும் புத்தகத்தில் இருக்கிறபடி கணுக்காலில் கட்டிக்கொண்டு நடந்தாயாம். சத்தமே வரவில்லையாம். உடனே வாசலைப் பூட்டிவிட்டு, பெரிய டாக்டரையே இருபது நிமிஷம் வெயிலில் நிறுத்தினாயாமே. தம்பி எதிரிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நீ சரி செய்ததை மறுநாள் அவன் திரும்பவும் குறைத்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய். இதை ஏனடி என்னிடம் சொல்லவில்லை? நான்தான் சொல்ல விடவில்லை போலிருக்கிறது.

கிளம்பும்போது சொன்னான்: "அக்கா, மாசாமாசம் மருந்து வாங்க நீயும் அந்த வாசல் வழியாத்தான் போற. எனக்கு அது தோணல. அவளுக்குத் தோணிச்சு."

எனக்குப் பெருமையாக இருக்கிறது. பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டேன், மருந்துக் கடையிலும் சொல்லிவிட்டேன். தம்பியை நினைத்தால் அழுகையும் வருகிறது.

கோர்ட்டில் நான் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அதைப் பார்த்துவிட்டு நீ ஒரு வார்த்தையையும் குறைத்துச் சொல்லிவிடாதே. என் முகத்தைப் பார்த்தே சொல்.

முடிந்ததும் வீட்டுக்கு வா. இந்தத் தடவை வாசலில் நிற்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்,
உன் அம்மா