அப்பா பேரில் ஒரு பாட்டில் தண்ணீர்

பேகம்பூர், திண்டுக்கல்
18.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். அங்கே நீங்களும் அம்மாவும் ஆடுகளும் நலம்தானே? போனில் பேசினால் உங்கள் காதுக்கு இரைச்சல்தான் கேட்கிறது. அம்மாவோ "நல்லாருக்கோம், வச்சிரு" என்று முடித்துவிடுகிறாள். அதனால் பழையபடி கடிதம்.

இந்த வீட்டுக்குக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. குஜிலியம்பாறையில் பஸ் ஏறினால் இதோ இருக்கிறது திண்டுக்கல். ஒரு நாள் வந்து தங்கியிருப்பீர்களா? கேட்டால் குட்டி போட்டிருக்கிறது, வெயிலடிக்கிறது என்று ஏதாவது ஒரு சாக்கு.

மாசித் திருவிழாவுக்குக் கண்டிப்பாக வாருங்கள். எங்கள் தெருவில் பொழுது போகாது என்ற பேச்சே இல்லை. விடியுமுன் பள்ளிவாசலில் பாங்கு, அது ஓய்ந்ததும் மாதா கோவில் மணி, அதற்குப் பிறகு மாரியம்மன் பாட்டு. உங்கள் காதுக்கே கேட்கும். முனையில் பிராங்கிளின் அண்ணன் டீக்கடை. அங்கே தினமும் சட்டசபை நடக்கும், போய் உட்காரலாம். பக்கத்து வீட்டு முகமது ரஃபீக் பாய் பூட்டுக்கடை வைத்திருக்கிறார். சாவி தொலைந்துபோன உங்கள் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்தால் பேசிக்கொண்டே திறந்துவிடுவார். அவர் வீட்டம்மா உம்மு சல்மா அக்கா எனக்கு உடன்பிறந்தவர் மாதிரி. சாயங்காலம் மலைக்கோட்டை ஏறலாம். முடியாவிட்டால் கீழே உட்கார்ந்து, ஏறுகிறவர்கள் மூச்சு வாங்குவதை வேடிக்கை பார்க்கலாம்.

சாப்பாடு மட்டும் நம் வீட்டிலேயே. கத்தரிக்காய் வெஞ்சனம் வைத்துத் தருகிறேன்.

வழிமேல் விழிவைத்திருக்கும் மகள்,
சுகன்யா

*

குஜிலியம்பாறை
3.3.2025

பாசமுள்ள மகள் சுகன்யாவுக்கு அப்பா எழுதுவது.

வருகிற வியாழக்கிழமை அய்யலூர் சந்தையில் கிடாய்களை விற்றுவிட்டு அங்கிருந்தே பஸ் ஏறுகிறேன். டிரங்குப் பெட்டியைச் சந்தைக்குத் தூக்கிப் போனால் ஆட்டை விட்டுவிட்டுப் பெட்டிக்கு விலை கேட்பார்கள். அது இங்கேயே கிடக்கட்டும்.

நீ எழுதியதில் ஒன்று குறைகிறது, தாயி. நோன்பு தொடங்கிவிட்டதே, பள்ளிவாசலில் சாயங்காலம் கஞ்சி ஊற்றுவார்களே, அதை ஏன் எழுதவில்லை? சந்தைக்கு வரும் பாய்மார்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான். அவர்கள் அந்தக் கஞ்சியைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே என் நாக்கைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு தூக்குவாளியைத் துலக்கி வை.

இதற்குப் பதில் போடாதே. உன் கடிதம் வந்து சேர்வதற்குள் நான் உன் வாசலில் நிற்பேன்.

உன் அப்பா,
சோலைமுத்து

*

பேகம்பூர்
9.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வந்ததும் வராததுமாக ஏன் அப்படிக் கிளம்பினீர்கள்? மத்தியானம் வந்தீர்கள். நான் கோவிலுக்குப் போய்விட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தால், பையும் கையுமாக நிற்கிறீர்கள். "ஆட்ட நெனச்சா இருப்புக் கொள்ளலத்தா" என்றீர்கள். அம்மா இருக்கிறாளே, ஆட்டுக்கு என்ன வந்தது?

உடம்புக்கு ஏதாவதா? இல்லை, கஞ்சி கேட்டதற்கு நாளைக்குப் பார்ப்போம் என்றேனே, அதில் வருத்தமா? உங்கள் மாப்பிள்ளை நான் ஏதோ சொல்லிவிட்டேன் என்று என்னைக் குடைகிறார். உங்கள் துண்டைக் கொடியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

இரண்டு வரியாவது எழுதுங்கள்.

மனம் கேட்காத மகள்,
சுகன்யா

*

குஜிலியம்பாறை
13.3.2025

சுகன்யாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபித்துக்கொண்டும் போகவில்லை. வெட்கப்பட்டுப் போனேன்.

நீ கோவிலுக்குப் போனதும், நீ எழுதியிருந்தபடியே தெருவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டேன். முதலில் டீக்கடை. எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், எனக்கு மட்டும் பேப்பர் கப்பு. "எனக்கும் கிளாசுலயே குடுங்கப்பு" என்றேன். பிராங்கிளின் சங்கடமாகச் சிரித்தார். "நாலு பேரு வாய் வச்ச கிளாசு உங்களுக்கு ஆகாதுன்னு சொன்னாகய்யா" என்றார். டவுனில் உபசாரம் இப்படித்தான் போலிருக்கிறது என்று குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு ரஃபீக் பாய் வீட்டுப் பக்கம். மனிதர் என்னைக் கண்டதும் எழுந்து, ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து தெருவில் போட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. "செத்த நேரம் உள்ள உக்காருவமே பாய், குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன். அவர் ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. காதைக் காட்டினேன். பிறகு உரக்கச் சொன்னார்:

"எங்க வீட்டுத் தண்ணி உங்களுக்கு ஆகாதுன்னு பாப்பா சொல்லிருக்குங்கய்யா. தப்பா எடுத்துக்காதிக, கடையில பாட்டில் வாங்கியாறேன்."

என் செவிட்டுக் காதுக்காக அவர் கத்த வேண்டியிருந்தது. தெருவே கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் கிளம்பிவிட்டார். நோன்பு வைத்து எச்சில்கூட வறண்டுபோன மனிதர், அந்த வெயிலில் நடந்து போய் எனக்கு மூடி பிரிக்காத தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தார்.

நான் எப்போதம்மா அப்படிச் சொன்னேன்?

"அது பொய் பாய்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ பொய்க்காரி ஆவாய். அந்தத் தெருவில் நாளைக்கும் இருக்கப் போகிறவள் நீ. அதனால் மூடியைத் திருகி, அவர் பார்க்க, அந்தத் தண்ணீரைக் குடித்தேன். என் ஆயுசுக்கும் அப்படி ஒரு தண்ணீரைக் குடித்ததில்லை. அதற்குப் பிறகு உன் வீட்டில் உட்கார என்னால் முடியவில்லை.

அப்பா

*

பேகம்பூர்
17.3.2025

அப்பா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

குடிவந்த புதிதில், பக்ரீத்துக்கு சல்மா அக்கா தட்டு நிறையக் கறி கொண்டுவந்தார். எனக்குக் கை நீளவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. "உங்க வீட்டுச் சாப்பாட்டச் சாப்பிட எனக்கு மனசு வரலக்கா" என்று, படித்து பேங்கில் வேலை பார்க்கிற ஒருத்தி வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா வீட்டுப் படி ஏற மாட்டாருக்கா" என்று வாயில் வந்துவிட்டது. நீங்கள் தூரத்தில் இருந்தீர்கள். யார் போய் உங்களைக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அது சுலபமாகிவிட்டது. பிராங்கிளின் அண்ணன் வீட்டு கிறிஸ்துமஸ் கேக்குக்கும், அவர் கடை டீ கிளாசுக்கும் உங்களைத்தான் சொன்னேன். பெரியவருக்கு அடங்கின பிள்ளை என்று அவர்கள் என்மேல் பாவப்பட்டார்கள். அது எனக்குப் பிடித்தும் இருந்தது. உங்களைக் கெட்டவராக்கி நான் நல்லவளாக இருந்துகொண்டேன். நீங்கள் வந்த அன்று கோவிலில் நின்றபோதுகூட, யாரும் உங்களிடம் எதையும் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் கும்பிட்டேன்.

நேற்று சல்மா அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று படியிறங்கினேன். அவர் என்னைப் பார்த்து, "அப்பா நல்லபடியா ஊர் போய்ச் சேந்தாகளா?" என்று கேட்டார். சேர்ந்துவிட்டார் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் பேரைச் சொல்லவே கூசுகிற மகள்,
சுகன்யா

*

குஜிலியம்பாறை
21.3.2025

தாயி,

என்னிடம் மன்னிப்புக் கேட்டு ஆகப்போவது என்ன? உனக்கு நான் அப்பன், எனக்கு அது பழகிப்போகும். அவர்களுக்கு நான் யார்?

நோன்பு முடிவதற்குள் ஒரு தடவை வருகிறேன், வருகிற வியாழக்கிழமை. இந்தத் தடவை நேராக ரஃபீக் பாய் வீட்டுக்குப் போவேன். நீ பயப்படாதே. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். "முன்னெல்லாம் அப்பிடித்தான் இருந்தேன் பாய், இப்ப மனசு மாறிட்டேன்" என்று சொல்லிக்கொள்கிறேன். என் வயசுக்கு அதை நம்புவார்கள். அப்படியாவது அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டால் எனக்குப் போதும்.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

அப்பா

*

பேகம்பூர்
24.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். மனம் மாறிவிட்டதாக நீங்கள் போய்ச் சொல்வீர்கள் என்ற இடத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. செருப்புக்கூடப் போடாமல் சல்மா அக்கா வீட்டுக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நம்ப மாட்டாரோ என்று உங்கள் கடிதத்தையும் கையில் வைத்திருந்தேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப, அன்னைக்கு அந்தப் பாட்டில் தண்ணிய அவரு ஏன் குடிச்சாரு?"

"எனக்காகக்கா."

பிறகு, "எங்க வீட்டுக்காரரு அன்னைக்கே சொன்னாரு, அந்த மனுசன் மொகத்தப் பாத்தா அப்பிடித் தெரியலையேன்னு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என்மேல் கோபமா என்று கேட்டேன். முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை வந்து, "வியாழக்கெழம நோன்பு தொறக்க உங்கப்பாவ வரச் சொல்லு" என்றார்.

என்னை வரச் சொல்லவில்லை. நானும் வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிராங்கிளின் அண்ணனிடமும் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

வாருங்கள் அப்பா. மனம் மாறியதாக நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. உங்களை அவர்கள் வாசலில் விட்டுவிட்டு நான் நம் வீட்டுக்கு வந்துவிடுவேன். நீங்கள் சொன்ன தூக்குவாளியைத் துலக்கி வைத்திருக்கிறேன். அதைக் கையோடு எடுத்துப் போங்கள். அவர்களுக்கு மனமிருந்து கொடுத்தால், எனக்கும் கொஞ்சம் கஞ்சி வாங்கி வாருங்கள்.

சுகன்யா